விடைபெறாத இழவு
(‘சுசுமே’ என்னும் யப்பானியச் சித்திரப்படம் குறித்த ஓர் ஆய்வு)

வீட்டை நீங்குவோர் ‘போகின்றேன்’ என்று கூறுதல் தமிழர் மரபன்று. ‘போய் வருகிறேன்’ என்பதே மரபு. மட்டக்களப்புத் தமிழகத்தில் அது ‘போயிற்று வாறன்’ என ஒலிக்கும். பாண்டிருப்பில் இந்துக்களும், அதனை அடுத்த மருதமுனையில் முஸ்லிம்களும் ஒருபடித்தாய் வழங்குஞ் சொல் இது. செலவைச் சொல்லும்போதே மீட்சியையும் உடன் சொல்லி வைக்கும் இவ்வழக்கு யப்பானிய மொழியிலும் உண்டு. காலையில் வீட்டை விட்டுப் புறப்படுவோர் ‘இத்தெகிமாசு’ என்பர். போய் வருகிறேன் என்பதே அதன் பொருள். வீட்டிலிருப்போரும் ‘போய் வா’ என்னும் பொருள்பட மறுமொழி கூறுவர். இதுகொண்டு இரு மொழிக்கும் உறவு நாட்டப் புகுதல் ஈண்டு நோக்கமன்று. பேராசிரியர் சுசுமு ஓனோ தொடங்கிவைத்த அவ்வழக்கை மொழிநூலாரே தீர்த்துக்கொள்வாராக. 2022 ஆம் ஆண்டு மகொத்தோ ஷின்காய் என்பார் இயக்கி வெளியிட்ட ‘சுசுமே’ என்னுஞ் சித்திரப்படம் இவ்விரு சொற்களின்மேல் நிற்கின்றது என்பதைக் காட்டுதலே நோக்கம்.

அனிமே எனப்படும் யப்பானியச் சித்திரப்படங்களைச் சிறுவர் பொழுதுபோக்கென்று ஒதுக்குவார் நம்முட் பலர். கல்லூரி மாணவர் அவற்றை விரும்பிக் காண்பதும் ஆசிரியர் அது கண்டு முகஞ்சுளிப்பதும் இன்று எங்கும் காணும் காட்சி. ஆயின், இப்படம் எதனைப் பற்றியது என்று அறிந்தபின் இக்கடற்கரையிற் பிறந்த எவரும் அதனை எளிதில் ஒதுக்கிவிடார். 2011 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆந் திகதி பிற்பகலில் யப்பானின் வடகீழ்க் கரையைக் கடல் கொண்டது. மாண்டோரும் காணாமற்போனோரும் ஏறக்குறையப் பதினெண்ணாயிரவர். சுசுமே என்னுஞ் சிறுமி தன் நான்காம் அகவையில் அன்று தாயை இழந்தவள். சுனாமி என்னும் யப்பானியச் சொல்லை இக்கரையில் மிகப் பலர் முதன்முதற் கேட்டது 2004 டிசெம்பர் 26 இல் ஆகும். இப்படமோ அதன்பின் பதினெட்டாண்டு கழித்து வந்தது.

கதை சுருக்கமாக இது. பதினேழு வயதினளான சுசுமே தென்திசைத் தீவாகிய கியூசுவிற் சின்னம்மாவின் வளர்ப்பில் வாழ்கின்றாள். கைவிடப்பட்ட இடங்களில் தனித்து நிற்கும் கதவுகளைப் பூட்டித் திரியும் சோத்தா என்னும் இளைஞனை அவள் காண்கின்றாள். அக்கதவுகள் திறந்தால் நிலத்தடியிலிருந்து பெரும்புழுவொன்று எழுந்து வானில் விரியும். அது வீழ்ந்தவிடத்து நிலம் நடுங்கும். இவ்விருவரும் கதவு கதவாகப் பூட்டிக்கொண்டு வடக்கு நோக்கிச் செல்கின்றனர். இறுதிக் கதவு சுசுமே பிறந்த ஊரில் உள்ளது. இடையில் ஒரு பூனையைத் துரத்தும் பகுதி வேண்டிய அளவினும் நீண்டுவிட்டது. சோத்தாவின்பால் அவளுக்குத் தோன்றும் காதலும் போதிய காரணமின்றி விரைந்து முதிர்கின்றது. இவை குறைகளே.

கதவு பூட்டும் முறையை மட்டும் ஊன்றி நோக்குதல் வேண்டும். வலிமையால் அது பூட்டப்படுவதன்று. பூட்டுவோர் கண்ணை மூடி, அவ்விடத்தில் முன்னர் வாழ்ந்தாரை நினைதல் வேண்டும். பாழ்பட்ட பள்ளியாயின் மாணவரின் ஆரவாரமும், பாழ்பட்ட கேளிக்கைப் பூங்காவாயின் குழந்தையுடன் வந்த பெற்றோரின் பேச்சும் செவியிற் படும். அக்குரல்களைக் கேட்டபின்னரே சாவித்துளை தோன்றும். அதன்பின், நெடுங்காலம் தம் முன்னோர் பெற்று ஆண்ட நிலத்தை அதன் தெய்வத்துக்கே மீளக் கையளிப்பதாக ஒரு மந்திரஞ் சொல்லிப் பூட்டுவர். துயரை மறந்து மூடுதல் வேறு, கேட்டு மூடுதல் வேறு. முன்னையதையே ‘ஆறுதல்’ என்று துக்கவீட்டிற் கூறி வருகின்றோம். சுசுமேயின் குழந்தைப் பருவ நாட்குறிப்பில் மார்ச் 11 முதலாகத் தாள்கள் முழுதும் கறுப்பாகத் தீட்டப்பட்டுள்ளன. அவளும் மறந்து மூடியவளே.

இக்கருத்து நம்மவர்க்குப் புதிதன்று. கோவலன் சிலம்பை விற்று வருவேன் என்று சென்று மீளாதவன். கண்ணகியின் இழவு வெகுளியாகி மதுரையை எரித்தது. கீழ்மாகாணக் கண்ணகை கோயில்களில் வைகாசிதோறும் கண்ணகி வழக்குரையைப் பாடி, அவள் துன்பம் முழுதையும் கேட்டபின்னரே குளிர்த்தி செய்கின்றனர். வழக்கைக் கேளாது குளிர்த்துதல் இல்லை. நிலத்தடிப் புழுவையும் எரிந்த மதுரையையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு இவ்வொப்புமை விளங்கும்.

படத்தின் சிறந்த காட்சி, பலர் புகழும் வானக்காட்சியன்று. நெடுஞ்சாலைத் தரிப்பிடமொன்றில் சின்னம்மாவும் சுசுமேயும் பிணங்கும் காட்சியே. தமக்கையின் பிள்ளையை ஏற்றதனால் தன் இளமையே போயிற்று என்று சின்னம்மா வெடித்துரைக்கின்றாள். பின்னர், அவ்வெண்ணமும் தன்னிடம் இருந்தது உண்மை, ஆயின் அது மட்டுமே இருந்ததில்லை என்கின்றாள். சொன்னதை மறுக்கவில்லை, மன்னிப்பு வேண்டி உருகவுமில்லை. கடல்கோளின்பின் உடன்பிறந்தாரின் பிள்ளைகளை ஏற்று வளர்த்த சின்னம்மாமாரும் அம்மம்மாமாரும் நம்மூர்களில் பலர். அவர்தம் தியாகத்தைப் பாடுவார் உளர். அவர்தம் களைப்பைச் சொல்வார் அரியர். ஷின்காய் சொல்லியிருக்கின்றார்.

இறுதிப் போராட்டத்தில், அழிந்த ஊரின் அந்தக் காலைக் குரல்கள் எழுகின்றன. வீடுதோறும் ‘போய் வருகிறேன்’, ‘போய் வா’ என்னும் ஒலி. அலை வந்தது பிற்பகலில் ஆதலின், அன்று காலை அவ்வூரார் வழக்கம்போல் விடைபெற்றே சென்றனர். சுசுமே பின்னர், எரியும் ஊரில் தாயைத் தேடியழும் சிறு குழந்தையைச் சந்திக்கின்றாள். அக்குழந்தை அவளே. நீ வளர்வாய், உன்னை நேசிப்பாரைக் காண்பாய், நான் உன் நாளை என்னுங் கருத்துப்படப் பேசி, தாய் செய்து தந்த சிறு நாற்காலியை அதன் கையிற் கொடுக்கின்றாள். தாய் வரவில்லை. தாயென்று தான் பன்னீராண்டு நினைத்திருந்த உருவம் தானே என்றறிகின்றாள். போலி மீட்சி காட்டாத இவ்வுறுதி போற்றற்குரியது. தொல்காப்பியர் அழுகைக்கு நிலைக்களனாக வைத்த நான்கனுள் இழவும் ஒன்று. இழந்தது மீளுமாயின் அஃது இழவாகாது.

ஆயினும் இவ்வாறுதல் யார்க்கு உரியது? தாயை இழந்த குழந்தைக்கு. அதற்கு ஒரு நாளை உண்டு. அந்த நாளையே வந்து அதன் கையைப் பற்றுகின்றது. குழந்தையை இழந்த தாய்க்கு அவ்வாறு வந்து பற்றுவார் யாவர்? 2004 இல் இலங்கையில் மிகக் கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே நேர்ந்தது, பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவருட் பெண்களும் சிறுவருமே பெருந்தொகையினர். அன்று ஞாயிற்றுக்கிழமை, பூரணை விடுமுறையும் ஆம். பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளைகள் வீட்டிலும் கடற்கரையிலும் இருந்தனர். காலை ஒன்பது மணியளவிற் கடலே வீட்டுக்கு வந்தது. ஆதலின் பலர் ‘போயிற்று வாறன்’ என்று சொல்லவில்லை. படம் பெயர்த்தெடுத்து வைக்கும் அக்காலைச் சொல் இக்கரையிற் சொல்லப்படவே இல்லை. சொல்லி மீளாத இழவுக்குப் படம் வழி காட்டுகின்றது. சொல்லாமலே நேர்ந்த இழவுக்கு அதனிடம் விடையில்லை. இதனை இயக்குநரின் குற்றமென்பதினும், அவர் எடுத்துக்கொண்ட பொருளின் எல்லை என்பதே தகும்.

பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலில் ஆண்டுதோறும் பதினெட்டு நாள் விழா நிகழும். வனவாசம், அருச்சுனன் தவநிலை, அரவான் களப்பலி என்று பாரதக்கதை ஊரார் முன் நிகழ்த்தப்பெற்றுத் தீமிதிப்பில் முடியும். காண வருவோர் விரதங் காப்பர்; கூத்துப் பார்ப்பார் போல வந்து போவதில்லை. இவ்விழாவின் தலைவி யார் என எண்ணுக. ஐந்து புதல்வரைப் பெற்று, போர் முடிந்த இரவில், பாசறையில் உறங்கியவாறே அசுவத்தாமனால் அவர் அனைவரும் வெட்டுண்ணக் கொடுத்தவள். அம்மைந்தரும் விடைபெற்றுப் போனாரல்லர். தீமிதிப்பைத் திரௌபதையின் கற்புக்கும் சபதத்துக்கும் அடையாளமென்றே நம்மவர் எழுதி வந்துள்ளனர். பிள்ளையிழந்த தாய் என்னும் அவளது நிலை இன்னும் போதிய அளவு ஆராயப்படவில்லை. கடல்கோளின்பின் அக்கோயில் வாயிலில் வந்து நிற்கும் பெண்டிர், தம்மைப்போன்ற ஒருத்தியின் முன்னரே நிற்கின்றனர் என்று கொள்ளுதல் பொருந்தும். அவள் ‘நீ வளர்வாய்’ என்று சொல்ல இயலாதவள். உடன் நிற்றல் மட்டும் அவளுக்குக் கூடும்.

‘சுசுமே’ படத்தின் கடைசிச் சொல் ‘ஒகாயெரி’ என்பது. மீண்டு வந்தாரை வரவேற்குஞ் சொல். நம் வழக்கில் ‘வந்திட்டியா’ என்பதற்கு நிகர். சுசுமே அதனைச் சோத்தாவை நோக்கிக் கூறுகின்றாள், படமும் நிறைவுறுகின்றது. பிள்ளையின் உடலும் கிடைக்காது திதி மட்டும் கொடுத்துவரும் தாயர், டிசெம்பர் 26 தோறும் இக்கரையில் விளக்கேற்றுகின்றனர். அச்சொல்லை அவர் இன்னும் சொல்லவில்லை.