பலூன் துப்பாக்கியின் குறி

விருதுநகர் பங்குனிப் பொங்கல் போன்ற திருவிழாக்களில், பலூன் சுடும் கடைகளில் பெரும்பாலும் இருப்பது குழலை மடக்கும் 4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கி. மடக்கினால் சுருள்வில் இறுகும். ஈயக்குண்டை வைத்து நிமிர்த்தினால் குழல் பூட்டிக்கொள்ளும். கீல் தேய்ந்து ஆடினால் ஒவ்வொரு முறையும் குழல் நிற்கும் கோணம் சற்றே மாறும். குறிபார்க்கும் முனைகள் இரண்டும் குழல்மேலேயே இருந்தால் அந்தப் பிசகு பெரிதாகத் தெரியாது. உடல்பகுதியில் தொலைநோக்கி பொருத்தினால் அப்படியே வெளிப்படும்.

இச்சாப்பூர் தொழிற்சாலையின் .315 போன்ற போல்ட் துப்பாக்கியில் குழல் உடலோடு திருகி இறுக்கப்பட்டிருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் கீல் ஆடாமல் பூட்டினால் மடக்குத் துப்பாக்கியும் குறி தவறாது. அப்போது தீர்மானிப்பவை குழலின் தரமும் குண்டின் பொருத்தமும்தான். காற்றுத் துப்பாக்கியில் பிடியும் முக்கியம். குண்டு வெளியேறும் முன்பே வில்லின் உதறல் தொடங்கிவிடுகிறது.