பிளவுண்ட அடையாளமும் பணிவாழ்வும்: ‘அந்நியன்’ திரைப்படத்தை முன்வைத்து

பொருள்வயிற் பிரியும் தலைவன் தன் நெஞ்சை வேறொருவராக நிறுத்தி வாதிடுவது அக மரபு. ‘நெஞ்சொடு கிளத்தல்’ எனப்படும் இவ்வுத்தியில் வினையும் உள்ளமும் முரண்பட்டாலும், பேசுபவன் தன் நினைவை இழப்பதில்லை. நினைவே அறுபடும் நிலை இதனின்று வேறானது. அந்நிலையைத் தமிழ்ப் பொதுவெளியில் பரவலாக அறியச் செய்த படைப்பு, ஷங்கர் இயக்கத்தில், சுஜாதாவின் உரையாடலுடன் 2005இல் வெளிவந்த ‘அந்நியன்’ எனலாம்.

அம்பி வழக்கறிஞன், ரெமோ மாடல், அந்நியன் தண்டனை வழங்குபவன். ஓருடலில் வாழும் மூவருக்கும் தனித்தனித் தொழில் உண்டு. ஆயினும், அந்நோயுடன் ஒரு தொழிலைத் தக்கவைத்தல் என்னும் சிக்கலைப் படம் தீண்டவில்லை. கட்சிக்காரர் நேற்றுச் சொன்னது இன்று நினைவில் இல்லையெனில் வழக்கறிஞன் என்ன செய்வான்? கைந்நழுவிய மணிநேரங்களுக்கு யாரிடம் எவ்வாறு கணக்குச் சொல்வான்? இவ்வினாக்கள் எழவேயில்லை.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1980இல் ‘பன்முக ஆளுமைக் கோளாறு’ என இடம்பெற்ற இந்நோய், 1994இல் ‘விலகல் அடையாளக் கோளாறு’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஒருவருக்குள் பலர் இருப்பதன்று, ஒருவரின் அடையாளமும் நினைவும் ஒருங்கிணையாமையே சிக்கல் என்னும் தெளிவு இம்மாற்றத்தில் புலனாகிறது. 2005இல் வந்த படமோ பழைய பெயரையே கையாண்டு, பலர் என்னும் காட்சிக் கவர்ச்சியைப் பற்றிக்கொண்டது. எனினும், தங்கையின் மரணம் என்னும் இளமைக்கால அதிர்ச்சியை நோயின் வேராகக் காட்டியது மருத்துவ அறிவோடு ஓரளவு பொருந்துவதே.

படத்தின் பெருங்குறை அதன் முடிவில் உள்ளது. சிகிச்சை பெற்று விடுதலையாகும் அம்பி, ஓடும் ரயிலில் மீண்டும் கொலை செய்து அதனை மறைக்கிறான். குணமடைதல் இங்குத் திறமையாக மறைத்தலாகச் சுருங்குகிறது. இக்காட்சியை மனத்தில் கொண்ட மேலதிகாரி, தம் நோயை வெளிப்படுத்தும் ஊழியரிடம் அந்நியனையே தேடக்கூடும். ஊழியரோ வேலைக்கு அஞ்சி, அம்பியைப் போலவே மறைக்க நேரும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. பணிக்காலத்தில் குறைபாடுற்ற அரசு ஊழியரைப் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்தலாகாது என்றும், அப்பணிக்குப் பொருந்தாதவராயின் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தருதல் வேண்டும் என்றும் அதன் 20ஆம் பிரிவு விதிக்கிறது. இப்பாதுகாப்பைக் கோர நோயை வெளிப்படுத்தியாக வேண்டும். வெளிப்படுத்தவோ அச்சம் தடுக்கிறது. சட்டம் திறந்த கதவைக் கதை சாத்திவிடும் முரண் இது. பல முகங்களைக் காட்டிய தமிழ்த் திரை, அம்முகங்களோடு காலையில் அலுவலகம் சென்று மாலையில் வீடு திரும்பும் ஒருவரை இனியேனும் காட்டுதல் வேண்டும்.