மென்பொருள் தேவை ஆவணத்தின் தெளிவை அளத்தல்: நாஞ்சில் நாட்டுப் பத்திரங்களை முன்வைத்து

மென்பொருள் தேவை ஆவணத்தின் தெளிவை அளக்க ஆலன் டேவிசும் பிறரும் 1993இல் ஒரு வாய்பாடு தந்தனர்: மதிப்பாய்வாளர் அனைவரும் ஒரே பொருள்கொண்ட தேவைகளை மொத்தத் தேவைகளால் வகுத்தல். வாய்பாடு எளிது, வாசிப்பவர் யாவர் என்பதை மட்டும் அது வினவுவதில்லை.

முன்பு திருவிதாங்கூரோடு இருந்த நாஞ்சில் நாட்டின் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு வழங்கும். ‘பத்திர ஆண்டை நான்கு இலக்கத்தில் பதிக’ என்றொரு தேவையைக் கொள்வோம். சென்னையர் மூவர் வாசிப்பின் கிறித்தவ ஆண்டென்றே கொள்ளக்கூடும், மதிப்பு 1. நாகர்கோவில் பத்திர எழுத்தர் ஒருவரைச் சேர்த்தால் 0 ஆகலாம். கொல்லம் 1100 என்பது கி.பி. 1924–25. அதுவும் நான்கு இலக்கமே. ஆதலின் உள்ளீட்டுச் சோதனையும் அதைத் தடுக்காது. கி.பி. ஆண்டிட்டுத் தேடும் நிலவுடைமையாளர்க்கு அப்பத்திரம் அகப்படாது. வாசித்தோர் விவரமின்றி வெளியிடப்படும் தெளிவு மதிப்பு, என் கருத்தில், ஒப்பீட்டுக்கு உதவாது.