காணாமற்போன பொந்தியானாக்

பழைய படங்களைத் தேடிப் பார்ப்போர் தொகை இக்காலத்திற் பெருகிவருகின்றது. கொட்டகையில் ஓடி ஓய்ந்து, ஊரார் மறந்தபின் ஒரு சிலரால் மட்டும் விடாது போற்றப்படும் படங்களுக்குத் தனிக் கவர்ச்சி உண்டு. சிங்கப்பூரில் 1950களில் எடுக்கப்பெற்ற மலாய்ப் பேய்ப் படங்கள் அவ்வகையின. அவற்றின் ஒப்பனையைக் கண்டு சிரிப்பதற்காகவே பார்ப்பாரும், அச்சிரிப்பையே சுவையென மயங்குவாரும் உளர். தமிழரிடையே வேறொரு வழக்கும் உண்டு. ‘இவையெல்லாம் நம்மவர் எடுத்தவை, தமிழ்ப் படத்துக்கு மலாய்ச் சட்டை மாட்டியவை’ என்று சொல்லிவிட்டு அகல்வர். பெருமைக்காகச் சொல்லினும் இகழ்ச்சிக்காகச் சொல்லினும் இது படத்தைப் பாராமற் கூறும் தீர்ப்பேயாகும்.

நம்மவர் என்னும் பேச்சு முற்றிலும் பொய்யன்று. அக்காலத்தில் மலாய்ப் படங்களை எடுத்த பெருநிலையங்கள் இங்கு இரண்டு. ஜாலான் அம்பாசில் இருந்தது ஷா சகோதரருடையது. ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் இருந்தது கேத்தே-கெரிஸ். பின்னதை 1953-இல் லோக் வான் தோவும் ஹோ ஆ லோக்கும் கூட்டாக அமைத்தனர். பி. எஸ். ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன், பணி மஜும்தார், பி. என். ராவ் எனத் தொடக்க நாளிற் படங்களை இயக்கியவருட் பலர் இந்தியாவிலிருந்து வந்தோரே. அவருள் ராவ் தமிழ்ப் படவுலகிற் பழகிய கையர். ‘ரம்பையின் காதல்’ (1939), ‘மதனகாமராஜன்’ (1941), ‘சாலிவாகனன்’ (1945) ஆகியவை அவர் இயக்கியவை. அவரே 1957-இல் கேத்தே-கெரிசுக்காகப் ‘பொந்தியானாக்’ படத்தை எடுத்தார். மலாய் அறியாதாரும் கொட்டகைக்குத் திரண்டனர். சீனமொழியிற் குரல் மாற்றியும் காட்டினர். அவ்வாண்டிலேயே ‘டெண்டாம் பொந்தியானாக்’, மறு ஆண்டில் ‘சும்பா பொந்தியானாக்’ என இரண்டு தொடர்ச்சிகள் வந்தன. ஷா நிறுவனமும் வாளாவிருக்கவில்லை. 1958-இல் ‘அனாக் பொந்தியானாக்’ என ஒன்றை வெளியிட்டது.

முதற்படத்தின் கதை இது. காட்டிற் கண்டெடுக்கப்பட்ட கூனற் பெண்ணொருத்தியை முதியவர் ஒருவர் வளர்க்கின்றார். அவள் பெயர் சோமெல். மலாயில் அச்சொல்லுக்கு அழகு என்பது பொருள். பெயரிலேயே கொடுமை தொடங்கிவிடுகின்றது. முதியவர் இறந்தபின் அவருடைய மந்திர ஏட்டைக் கண்டு, நிறைநிலா நாளில் மருந்து செய்து உண்டு, அவள் பேரழகியாகின்றாள். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. குருதியைச் சுவைத்தல் ஆகாது. ஊர்த்தலைவன் மகன் ஒத்மான் அவளை மணக்கின்றான். ஒருநாள் அவனைப் பாம்பு தீண்டுகின்றது. நஞ்சை வாயால் உறிஞ்சி எடுக்கின்றாள் சோமெல். அக்கணமே பேயாகி, காக்க முனைந்த கணவனையே கொல்கின்றாள்.

இம்முடிச்சைத் தமிழாசிரியர் ஊன்றி நோக்குதல் வேண்டும். கணவன் உயிரைக் கூற்றுவனிடமிருந்து மீட்ட சாவித்திரியின் கதை நம் மேடையிலும் திரையிலும் பலகாலம் ஆடியது. 1941-இல் அது தமிழ்ப் படமாகவும் வந்தது. அக்கதையில் மனைவியின் செயல் உயிரைத் தருகின்றது. சோமெல் செய்ததும் அதே செயல், விளைந்ததோ சாவு. புராணப் படங்களிலும் மாயக் கதைகளிலும் பழகிய ராவ் இத்தலைகீழ் மாற்றத்தை உணராதிருந்திருப்பார் எனக் கொள்ளுதல் அரிது. இனிக் காரைக்காலம்மையார் வரலாற்றை எண்ணிப் பார்க்கலாம். அவர் கணவன் பொருட்டுத் தாங்கிய அழகை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார். சோமெல் அழகை வேண்டிப் பெற்றாள். பேயுரு வேண்டாமலே வந்தது. பழையனூர் நீலியோடு இவளை ஒப்பிடுவாரும் உளர். அது பொருந்தாது. நீலி வஞ்சிக்கப்பட்டவள், பழி முடித்தவள். சோமெலுக்கு யாரும் தீங்கு செய்யவில்லை.

மலாய் மக்கள் வழக்கிற் பொந்தியானாக் என்பது மகப்பேற்றில் இறந்த பெண்ணின் ஆவி. குருதி பற்றிய கட்டுப்பாட்டையும் அழகு பற்றிய ஆசையையும் அவ்வழக்கோடு இணைத்தது இப்படக்கதை. கதையை எழுதிய அப்துல் ரசாக், சோமெலாக நடித்த மரியா மெனாடோவின் அந்நாளைய கணவர். ஆதலின் மலாய்ச் சட்டை மாட்டிய தமிழ்ப் படம் என்பது பொருந்தாக் கூற்று. கதையின் உயிர்நிலை மலாய்க்காரர் ஆக்கியது. சொல்லும் முறையில், குறிப்பாக அச்சத்தின் நடுவே நகைச்சுவைக்குத் தனி இடம் ஒதுக்குவதில், தமிழ்ப் படவழக்கின் சாயல் உண்டு. சாத்தே விற்பவராக வந்து பாடிய அப்துல் வாகிட் என்னும் நடிகர் அதன்பின் ‘வாகிட் சாத்தே’ என்றே அழைக்கப்பட்டார். தனக்கென ஒரு பகுதி வகுத்துக்கொண்ட என். எஸ். கிருஷ்ணனை அறிந்தவர்க்கு இம்முறை புதிதன்று.

இடர் யாதெனின், இத்துணையும் பேசப்படும் முதற்படம் இன்று இல்லை. இரண்டாம் படமும் இல்லை. பங்காளிகள் பிரிந்தபின் ஹோ ஆ லோக் படச்சுருளை ஈயச் சுரங்கக் குட்டையில் எறிந்துவிட்டார் என்பது பலரும் கூறும் செய்தி. காரணம் எதுவாயினும் இழப்பு இழப்பே. எனவே அப்படத்தின் கதை முடிச்சைப் பற்றிப் பேசலாம்; நடிப்பைப் பற்றியோ ஒளியமைப்பைப் பற்றியோ கேள்வியளவில் நின்று புகழ்தல் முறையன்று. இன்று எழுதப்படும் பாராட்டுரைகளிற் பல இவ்வெல்லையைக் கடக்கின்றன. காணாத படத்தைக் காவியமென்பது எளிது. மறுத்துக்காட்டப் படம் இல்லையன்றோ!

எஞ்சியது மூன்றாவதாகிய ‘சும்பா பொந்தியானாக்’. இதிற் சோமெல் தன் மகளைக் காக்க வருகின்றாள். வேறு பூதங்களிடமிருந்து ஊராரையும் காக்கின்றாள். ஊராரோ அவளையே வேட்டையாட முனைகின்றனர். மரியா மெனாடோவின் முகம் அழகுக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே இடந்தருவதை இதிற் கண்கூடாகக் காணலாம். ஆயினும் கருத்தளவில் இது முதற்கதையினும் தாழ்ந்ததே. நற்செயலே தீங்காய் முடியும் கடுமை இங்கு இல்லை. துன்புறும் தாய், நன்றியற்ற ஊர் என்பவை தமிழ்ப் படங்களில் நாம் பன்முறை கண்ணீர் விட்டவை. மூன்றாவதை மட்டும் கண்டு மூன்றையும் அளப்போர் முதற்கதையையும் தாய்ப்பாசக் கதையெனவே கருதிவிடுகின்றனர்.

கேத்தே-கெரிஸ் படங்களில் எஞ்சியவற்றை 2005-இல் தோன்றிய ஆசியத் திரைப்படக் காப்பகம் பேணிவருகின்றது. அத்தொகுதி 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. வகுப்பிற் காரைக்காலம்மையார் வரலாற்றை நடத்தும் ஆசிரியர், சோமெல் கதையை மாணவர்க்கு முதலிற் கூறி, அதன்பின் ‘சும்பா பொந்தியானாக்’ படத்தைக் காட்டலாம். நகைச்சுவைப் பகுதி வரும்போது படத்தை விரைவாக ஓட்டிவிட வேண்டா. தமிழ்ப் படத்திற் பழகிய ராவின் கையை மாணவர் எளிதில் அடையாளங் காண்பது அங்கேதான்.