காளி விட்டுவிட்ட முயல்கள்

பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் ஆதகூர் கல் என்று ஒன்று இருக்கிறது. பொ.ஆ. 949-50ஐச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு. தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் கொல்லப்பட்ட செய்தி அதில் இருப்பதால் வரலாறு படிப்பவர்கள் தேடிப்போய்ப் பார்ப்பார்கள். நான் போனது நாய்க்காக. கல்லின் மேல்பகுதியில் ஒரு நாயும் காட்டுப்பன்றியும் மோதிக்கொண்டு நிற்கின்றன. போரில் தீரம் காட்டிய மணலேரன் என்ற வீரனிடம் என்ன பரிசு வேண்டும் என்று கேட்கிறார்கள். அவன் பொன் கேட்கவில்லை, காளி என்ற வேட்டை நாயைக் கேட்கிறான். பிறகு ஒருநாள் ஒரு மலையில் பெரிய பன்றி மேல் காளியை ஏவுகிறான். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று சாகின்றன. அதற்குத்தான் கல், நிலமானியம் எல்லாம்.

கைப்பேசியில் எடுத்த படத்தைத் தேக்கா சந்தையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த தாத்தாவிடம் காட்டினேன். சொந்தத் தாத்தா இல்லை, பஃபலோ சாலை புளோக்கில் இருப்பவர். இளவயதில் ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் நாய்களோடு பன்றி வேட்டைக்குப் போனவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“செத்தது சரி தம்பி. அந்த மலைக்குப் போற வழியில முயல் ஓடியிருக்கும், மான் ஓடியிருக்கும். எதையும் தொரத்தாம பன்னிகிட்ட போய்ச் சேந்துச்சுல்ல? அதை எவன் கல்லுல வெட்டுனான்?”

வேட்டை நாயைப் பற்றி நான் படித்த, பார்த்த எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வி கலைத்துப் போட்டுவிட்டது. நமக்குப் பாய்ச்சல் பிடிக்கும், மோப்பம் பிடிக்கும், எல்லாவற்றையும்விட எஜமானுக்காகச் சாகிற நாய் பிடிக்கும். பழந்தமிழில் காட்டுப்பன்றிக்குக் கேழல், ஏனம் என்றும் நாய்க்கு ஞமலி, ஞாளி என்றும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு நாய் எதையெல்லாம் துரத்தாமல் விட்டது என்பது நமக்குக் கதையாகப் படுவதே இல்லை. தியடோர் பாஸ்கரன் உள்நாட்டு நாயினங்களைப் பற்றி எழுதியிருக்காவிட்டால், கோம்பையும் சிப்பிப்பாறையும் என் தலைமுறைக்கு வெறும் யூடியூப் தலைப்புகளாகவே இருந்திருக்கும். அவரால் இனங்கள் ஏட்டில் ஏறிவிட்டன. பழக்குகிறவனின் கைதான் இன்னும் இலக்கியத்துக்குள் வரவில்லை.

தாத்தா சொன்ன பழக்கம் இது. குட்டியைத் தனியாக அவிழ்த்துவிடக் கூடாது. தேறின கிழநாயோடுதான் அனுப்ப வேண்டும். முதல் ருசி உடும்போ சருகுமானோ ஆகிவிட்டால் போச்சு, அது ஆயுசுக்கும் சில்லறைக்கு ஓடும். ‘சில்லறை’ அவருடைய சொல். அமெரிக்காவில் பன்றி வேட்டைக்காரர்கள் இதையே ‘குப்பை’ என்கிறார்கள். மானும் முயலும் அவர்களுக்குக் குப்பை. குப்பை பின்னால் ஓடும் இளம் நாயின் கழுத்துப்பட்டையில் மின் அதிர்ச்சி கொடுத்துத் திருத்துவார்கள். தாத்தாவிடம் இருந்தது கயிறும் தொண்டையும்தான்.

ஆனால் இரண்டு ஊருக்கும் சிக்கல் ஒன்றே. நாய் புதருக்குள் போய்விட்டது, குரைக்கிறது, எதன் பின்னால் என்று தெரியவில்லை. முயல் என்று நினைத்து நீங்கள் அதட்ட, உள்ளே இருந்தது பன்றியாக இருந்தால் அந்த நாய் அதற்கப்புறம் பன்றிப் பக்கமே போகாது. “கண்ணால பாக்காம கைய ஓங்காத” என்றார் தாத்தா. (முதல் தொகுப்புகளுக்கு விமர்சனம் எழுதுகிற எனக்கு இது கொஞ்சம் உறைத்தது. இரண்டு பேரையாவது அப்படி ஓட்டியிருக்கிறேன்.)

இந்த இடத்தில் ‘விட்டுவிடுதலே கலை’ என்று முடித்துவிடத்தான் ஆசையாக இருந்தது. ‘பரியேறும் பெருமாள்’ விடவில்லை. மாரி செல்வராஜின் அந்த 2018 படத்தில் கருப்பியின் வேட்டைத் திறமைக்கு அதிக இடம் கிடையாது. கருப்பியும் செத்த பிறகுதான் பேருரு கொள்கிறாள். அந்த வகையில் படமும் ஆதகூர் கல்லின் வரிசைதான். ஆனால் தொடக்கத்திலேயே ஒன்று நடக்கிறது. வேட்டை முடித்துக் குட்டையில் நாய்களோடு குளித்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள், ஆதிக்கச் சாதிக்காரர்கள் வருவதைப் பார்த்ததும் கிளம்பிவிடுகிறார்கள். நாய்களையும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். வந்தவர்கள் அந்தத் தண்ணீரில் மூத்திரம் பெய்கிறார்கள். இங்கே அடக்கம் நாயிடம் இல்லை, மனிதர்களிடம் இருக்கிறது. அதை யார் பழக்கினார்கள், யாருடைய வேட்டைக்காக என்ற கேள்வியைத்தான் அந்தக் காட்சி நம் முன் போடுகிறது. முதல் தடவை பார்த்தபோது ‘ஏன் திருப்பி அடிக்கவில்லை’ என்று கடுப்பானேன். வன்முறை காட்டப்படும் காட்சிகளைவிட இந்த விலகலில்தான் படத்தின் கோபம் அதிகம் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

தாத்தாவிடம் காட்சியைச் சொன்னேன். கோப்பியைக் கலக்கியபடியே, “தொரை பங்களாவத் தாண்டிப் போறப்ப எந்தப் பக்கம் தலையத் திருப்பக் கூடாதுன்னு எங்களுக்கும் பழக்கம் இருந்துச்சு தம்பி. பழக்குனது எங்கப்பனேதான். அடி வாங்காம இருக்கணுமேன்னு” என்றார். அப்புறம் பேச்சை 4-டி லாட்டரிக்கு மாற்றிவிட்டார்.

சிங்கப்பூரில் இந்த வேட்டைக்கு இடமில்லை. அனுமதியில்லாமல் வனவிலங்கைக் கொன்றாலோ பிடித்தாலோ சட்டம் பாயும். பன்றிகள் மட்டும் இருக்கின்றன. 2021-இல் பொங்கோலில் ஒரு பன்றி குடியிருப்புக்குள் வந்து ஆட்களைத் தாக்கியது. என் வீவக வீட்டில் இருப்பது தெருவிலிருந்து மீட்கப்பட்ட கலப்பின நாய். எதிர்ப்படும் அணில், மைனா, பூனை எல்லாவற்றுக்கும் ‘விடு, விடு’ என்று ஆறு மாதம் தீனி கொடுத்துப் பழக்கியிருக்கிறேன். போன மாதம் பாசிர் ரிஸ் பூங்காவில் இருட்டும் நேரத்தில், குட்டிகளோடு ஒரு பன்றி நடைபாதையைக் கடந்தது. என் கை கயிற்றை இறுக்கியது. நாய் பன்றியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, தீனிப்பைக்கு நேராக உட்கார்ந்துவிட்டது.

தாத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் பெருமையாகச் சொன்னேன். குரல் பதிவு வந்தது. “பன்னியவே விட்டுருச்சா? அப்ப அதுக்கு என்னதான் வேணுமாம்?”