மனநிலையும் தெரிவும்: இரு யப்பானியத் திரைப்படங்கள் குறித்து

தத்தம் மனநிலைக்கேற்பப் படத்தைத் தெரிவுசெய்யும் வழக்கம், அனிமே எனப்படும் யப்பானிய அசைவூட்டப் படங்களின் இரசிகரிடையே நன்கு வேரூன்றியுள்ளது. சோர்வுற்றோர்க்கு இது, அழ விரும்புவோர்க்கு அது என அவர் வகுத்துரைப்பர். ஆறுதலளிக்கும் படைப்புகளுக்கு ‘இயாஷிக்கெய்’ என்னும் தனிப் பெயரே யப்பானிய மொழியில் உண்டு. இவ்வழக்கத்தை இழிவாகக் கருதவேண்டியதில்லை. களைத்த மனம் இலேசானதொன்றை நாடுவது இயல்பே. பரீட்சைக் காலத்து மாணவர் எவரும் இதனை மறுக்கமாட்டார். ஆயின், ஒரு படைப்பு ஓர் உணர்வையே தரும் என்னும் எடுகோளின் மீதன்றோ இத்தெரிவுமுறை நிற்கின்றது?

1988 ஏப்ரல் 16ஆந் திகதி ஜிப்லி கலையகத்தின் இரு படங்கள் இணைந்தே வெளியிடப்பட்டன. ஒன்று ஹயாவோ மியாசாக்கியின் ‘என் அயலவர் தொத்தோரோ’. மற்றையது இசாவோ தக்காஹத்தாவின் ‘மின்மினிகளின் கல்லறை’. முன்னையது இன்று ஆறுதற் படமாகவும், பின்னையது அழுகைப் படமாகவும் முத்திரை பெற்றுள்ளன. அன்று திரையரங்கு சென்றவரோ இரண்டையும் ஒரே அமர்விற் கண்டனர்.

இரண்டிலும் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி உள்ளாள். அவளைக் காக்கும் மூத்த பிள்ளை உண்டு. தாய் அருகில் இல்லை. தொத்தோரோவில் தாய் மருத்துவமனையிற் கிடக்கின்றாள். அவளைத் தேடித் தனியே புறப்பட்ட மேய் காணாமற்போக, ஊரார் குளத்தைத் துழாவுகின்றனர். நீரில் மிதந்த சிறு செருப்பொன்று அவளுடையதன்று எனத் தமக்கை கூறும்வரை நாம் மூச்சடக்கியே இருக்கின்றோம். ஆறுதல் தேடி வந்தவர் பின்னர் நினைவுகூர்வது மழையில் நனையும் பேருந்துத் தரிப்பிடத்தை, குளத்தையன்று. ஆயினும் அக்குளம் இன்றேல் அவ்வாறுதலுக்குப் பொருளில்லை.

‘மின்மினிகளின் கல்லறை’ அக்கியூக்கி நொசாக்கா தம் தங்கையைப் பறிகொடுத்த அனுபவத்தினடியாக 1967இல் எழுதிய சிறுகதையைத் தழுவியது. 1945 செப்ரெம்பர் 21ஆந் திகதி இரவு தான் இறந்ததாகச் சிறுவன் செய்த்தா கூறுவதுடன் படம் தொடங்குகின்றது. முடிவை முதலிலேயே கூறிவிடுவதால், என்ன நிகழும் என்ற ஆவல் அகன்று, எவ்வாறு நிகழ்ந்தது என்ற வினா எஞ்சுகின்றது. அழுகைக்குத் தொல்காப்பியம் வகுக்கும் இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கு நிலைக்களன்களையும் இப்படத்திற் காணலாம். எனினும் அழுவதற்கென்றே இதனைத் தெரிவுசெய்தவர் தவறவிடுவது அதிகம். உறவுப் பெண்ணின் கடுஞ்சொல் பொறாத செய்த்தா தங்கையுடன் குளக்கரைப் பதுங்குகுழிக்குக் குடிபெயர்கின்றான். திரும்பிச் சென்று மன்னிப்புக் கேட்குமாறு கமக்காரர் ஒருவர் அறிவுரை கூறுகின்றார், அவன் செல்வதில்லை. தாய் வங்கியில் விட்டுச்சென்ற பணத்தின் எஞ்சிய பகுதியை அவன் எடுக்கும்போது காலம் கடந்துவிடுகின்றது. போர் கொன்ற குழந்தையின் சாவில் அண்ணனின் தன்மானத்துக்கும் பங்குண்டு என்பதைப் படம் ஓசையின்றிச் சொல்கின்றது. கண்ணீரை மட்டும் எதிர்பார்த்தவரின் காதில் கமக்காரரின் சொல் விழுவதில்லை.

இன்னொரு கூட்டத்தாரும் உளர். இப்படத்துக்குரிய மனநிலை வாய்க்கட்டும் என ஆண்டுக்கணக்கில் ஒத்திவைப்போர் அவர். நல்ல மனநிலையைக் கெடுக்க அவர்க்கு விருப்பமில்லை. சோர்ந்த வேளையிற் காணத் துணிவில்லை. 1988இல் தொத்தோரோவுக்கெனப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற பெற்றோர்க்கு அந்த வசதி இருக்கவில்லை.