கடல் தாண்டிய அம்மாக்கள்

2025 மே மாதம். காஞ்சிபுரத்தில் ஒரு தியேட்டரில் 'டூரிஸ்ட் ஃபேமிலி' பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில், முகூர்த்தப் புடவை எடுக்க வந்த ஒரு வெளியூர்க் குடும்பம், கட்டைப்பைகளைக் காலடியில் பத்திரப்படுத்திவிட்டு உட்கார்ந்திருந்தது. சசிகுமாரும் சிம்ரனும் பிள்ளைகளோடு ராமேஸ்வரம் கரையில் கள்ளத்தனமாக இறங்குகிறார்கள். வாயைத் திறந்தால் ஈழத்தமிழ் வந்துவிடுமே என்று அவர்கள் படும் பாட்டுக்குத் தியேட்டரே சிரித்தது. நானும்தான். சிரித்து முடித்தபோது ஒன்று உறைத்தது. 2002இல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் இதே சிம்ரன், சென்னையிலிருந்து வளர்ப்பு மகள் அமுதாவை அழைத்துக்கொண்டு அந்தக் கரைக்குப் போனார். இப்போது ஈழத்து அம்மாவாக இந்தக் கரைக்கு வருகிறார். நடுவில் இருபத்து மூன்று வருடம், ஒரு முள்ளிவாய்க்கால்.

மணிரத்னத்தின் படத்துக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடலாம். 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு ஈழம் என்ற சொல்லையே இங்கே பலர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்கள். அந்தக் கூச்சத்தை உடைத்து, குண்டு விழும் ஊரையும் மூட்டை முடிச்சோடு வெளியேறும் சனத்தையும் குடும்பத்தோடு போய்ப் பார்க்கும் படமாக்கியது சின்ன விஷயமில்லை. படம் 2002 பிப்ரவரி 14 அன்று வந்தது. எட்டாம் நாள் அங்கே போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. மழையில், குடைகளுக்கு நடுவே, பெற்றவளிடம் அமுதா கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கும் காட்சி இன்றும் என்னைக் கலங்கடிக்கிறது. நந்திதா தாஸிடம் பதில் இல்லை. வசனகர்த்தா சுஜாதா அங்கே அடக்கி வாசித்ததுதான் அந்தக் காட்சியின் பலம்.

காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் நெய்து தறியிலேயே இணைப்பார்கள். கோர்வை என்று பெயர். விவரம் தெரிந்தவர்கள் புடவையைத் திருப்பிப் போட்டு, உள்பக்கத்தில் இணைப்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள். இந்தப் படத்தையும் அப்படித் திருப்பிப் பார்க்கலாம். அமுதா பிறந்தது ராமேஸ்வரம் அகதிகள் முகாமில். அவள் கதை இக்கரையும் அக்கரையும் சேரும் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. படமோ அங்கே நிற்பதில்லை. குழந்தை கைவிடப்படும் இடமாக மட்டும் முகாம் வந்து போகிறது. அப்புறம் போர் முழுக்க அக்கரைச் சங்கதி ஆகிவிடுகிறது. யார் சுடுகிறார்கள், ஏன் சுடுகிறார்கள் என்ற கேள்வி இல்லை. புயல், வெள்ளம் மாதிரி அதுவும் ஒன்று. நாம் போய் அழுதுவிட்டுத் திரும்பலாம்.

போர் இக்கரைக்கு வந்ததே இல்லையா? காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் பஸ் ஏறினால், சுங்குவார்சத்திரம் தாண்டியதும் ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் நினைவிடம் சாலையோரமாகவே இருக்கிறது. அந்தக் கொலையைப் பற்றிப் படங்கள் வராமல் இல்லை. 'குப்பி', 'குற்றப்பத்திரிகை', இந்தியில் 'மெட்ராஸ் கஃபே' என்று வரிசையாக வந்தன. ஏறக்குறைய எல்லாமே துப்பறியும் கதைகள். கொலையாளியை எப்படிப் பிடித்தார்கள் என்பதில்தான் ஆர்வம். கொலைக்குப் பிறகு முகாம்களில் இருந்தவர்கள்மீது விழுந்த சந்தேகம், கூடிய கெடுபிடி, அதோடு வளர்ந்த பிள்ளைகள் என எதன் பக்கமும் கேமரா திரும்பவில்லை. இருபது வருடம் கழித்து, 2011 ஆகஸ்ட் 28 அன்று, அதே வழக்கில் மூன்று பேரின் தூக்கை எதிர்த்து இந்தக் காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் உயிரை விட்டார். அதைத் தியாகம் என்று போஸ்டர் அடித்துக் கொண்டாடியதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெண் வாழ்ந்திருக்க வேண்டும். ஆனால் கடலுக்கு அப்பால் நடந்த போரின் வெப்பம் இந்த ஊர்ப் பெண் ஒருத்தியை எப்படி வந்தடைந்தது என்று ஒரு படமாவது கேட்டிருக்க வேண்டாமா?

இன்னும் சங்கடமான இடம் ஒன்று உண்டு. 1987 அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்து, மருத்துவர்கள், செவிலியர், நோயாளிகள் என்று பார்க்காமல் சுட்டது இந்திய அமைதிப்படை. நம் படை. நான் பார்த்த தமிழ்ப் படங்களில் இது இல்லை. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் ஒரு தூணில் சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சியைப் பிடித்தவன், கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தானாம். பெருந்தன்மைதான். பிடிக்கும்போது செத்தவர்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. எட்டாம் நூற்றாண்டுக்காரனைக் குறை சொல்லிப் பயனில்லை, நம் கதை மட்டும் என்ன.

இயக்குநர்களை மட்டும் நிறுத்தி வைத்துக் கேட்பது நியாயமில்லை என்பதும் எனக்குத் தெரியும். 'குற்றப்பத்திரிகை' பத்து வருடத்துக்கு மேல் பெட்டிக்குள் கிடந்து 2007இல்தான் வெளியானது. லீனா மணிமேகலையின் 'செங்கடல்' தணிக்கையில் மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய் மீண்டது. 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்துக்கு இங்கே சான்றிதழே தரவில்லை. அரசு மட்டுமா? சந்தோஷ் சிவனின் 'இனம்' 2014இல் வெளியான சில நாள்களிலேயே எதிர்ப்பால் தியேட்டர்களிலிருந்து எடுக்கப்பட்டது. 'இனம்' பலவீனமான படம் என்பது என் கருத்து. அதைப் பார்த்துவிட்டுத்தானே சொல்கிறேன். மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனது. அரசின் கத்தரியும் உணர்வாளர்களின் கோபமும் இரண்டு பக்கமும் நிற்கும்போது, தயாரிப்பாளர் கண்ணீரைத்தான் தேர்ந்தெடுப்பார். கண்ணீரை யாரும் தடை செய்வதில்லை.

வெளியிலிருந்து வந்த 'தீபன்' அந்தக் கண்ணீரைத் தவிர்த்தது. செத்தவர்களின் பாஸ்போர்ட்டில் ஒட்டிக்கொண்ட மூன்று அந்நியர்கள், பிரான்சில் ஒரு குடும்பமாக நடிக்கிறார்கள். புலிகள் இயக்கத்தில் இருந்து விலகி அகதியான ஷோபாசக்தியே நாயகன். போர் முடிந்தும் உடம்பை விட்டுப் போகாததை அவர் கண்களே சொல்லிவிடுகின்றன. 2015இல் கான் விழாவின் தங்கப்பனை கிடைத்தது. ஆனால் கடைசியில் அவரைக் கத்தியோடு மாடிப்படி ஏறவிட்டதும், போர் ஒரு சண்டைப் பயிற்சியாகச் சுருங்கிப்போகிறது. ஜாக் ஓதியார் அதுவரை பொறுமையாகக் கட்டியதை அந்த ஒரு காட்சி கலைத்துவிடுகிறது.

'டூரிஸ்ட் ஃபேமிலி'க்கு வேறு வகைச் சிக்கல். அகதியை அழுகைப் பொம்மையாக்காமல், சிரிக்கவும் சிரிக்க வைக்கவும் தெரிந்த மனிதராகக் காட்டியது அபிஷன் ஜீவிந்த் செய்த பெரிய வேலை. குண்டுவெடிப்பு என்றதும் போலீஸின் பார்வை அவர்கள் பக்கம் போவதையும் காட்டுகிறார். அது 1991இன் நிழல்தான். பிறகு தெரு முழுக்க அன்பு பொழிந்து அவர்களைக் காப்பாற்றிவிடுகிறது. அந்தக் குடும்பம் அத்தனை நல்ல குடும்பம். கொஞ்சம் சிடுசிடுப்பான, கடன் திருப்பித் தராத ஒரு அகதிக் குடும்பமாக இருந்தால் தெரு என்ன செய்திருக்கும்? சட்டம் என்ன செய்யும்? தொ. பத்திநாதன் 'போரின் மறுபக்கம்' நூலில் தன் முகாம் வாழ்க்கையை எழுதி வருடங்கள் ஆகிவிட்டன. எழுத்து போய்விட்ட இடத்துக்கு சினிமா இன்னும் போகவில்லை.

கல்லூரியில் என்னோடு படித்தவன் ஒருவன் முகாமிலிருந்து வந்தவன். எங்களிடம் எங்கள் தமிழ் பேசுவான். அம்மாவிடம் போனில் பேச மட்டும் வராந்தாவின் கோடிக்குப் போய்விடுவான். படம் பார்த்த இரவு அவனைக் கூப்பிட்டேன். அவனும் பார்த்திருந்தான். சிரித்தானாம், மனைவி அழுதாளாம். தணிக்கை பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்றேன்.

"எங்கட முகாமிலயும் தணிக்கை இருக்கு மச்சான்," என்றான். "மாசாமாசம் அதிகாரி வருவார். பேர் வாசிக்கேக்க ஆள் முன்னால வந்து நிக்கோணும். நிக்காட்டிப் பேர வெட்டிப்போடுவினம்."